காய்ந்த மண்ணுக்கு எந்தக் கம்பி

1

நியூசிலாந்துக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருஷமாக நான் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் ஒருத்தன் கம்பி நீட்டிவிட்டான் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான் என்று பொருள். அதையும் நான் செய்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அதற்கு மணிக்கணக்கில் சம்பளம் தருகிறார்கள்.

வேலை இதுதான். ஐநூற்றுச் சொச்சம் கறவை மாடுகள். புல்வெளி பெரியது. மொத்தமாகத் திறந்துவிட்டால் தின்பதைவிட மிதிப்பது அதிகமாகிவிடும். அதனால் நாளைக்கு ஒரு துண்டு என்று ஒதுக்கி, அந்தத் துண்டைச் சுற்றித் தற்காலிகமாக ஒரு மின்கம்பி கட்டுகிறோம். இடது கையில் கம்பி சுற்றிய ரீல். வலது கக்கத்தில், காலால் அழுத்தினால் மண்ணில் இறங்கிவிடும் மெல்லிய குச்சிகள் ஒரு கட்டு. நடந்துகொண்டே குத்த வேண்டும், மாட்ட வேண்டும். மறுநாள் எல்லாவற்றையும் சுருட்டி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்யாணப் பந்தல் போடுகிறவன்கூடப் போட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்குவான். நான் தினம் பந்தல் போட்டுத் தினம் பிரிக்கிறேன். மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் இதுவரை பார்த்ததில்லை.

கம்பியில் ஓடுவது வீட்டுக் கரண்ட் இல்லை. அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. நொடிக்கு ஒரு தரம், விரலால் சுண்டிவிட்டாற்போல, ஒரு அடியை அது கம்பியில் அனுப்பும். அடுத்த கணம் கம்பி சும்மா இருக்கும். அதனால் யாரும் அதில் ஒட்டிக்கொள்வதில்லை. கழுதை உதைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வந்த முதல் வாரம் முதலாளி டேவ் என்னிடம் கம்பி சூடாக இருக்கிறது என்றார். கரண்ட் ஓடுகிறது என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தோசைக்கல்லைப் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஐநூறு மாடுகளும் மேய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன.

பெட்டியை அணைத்தபிறகு மூன்று தரம் திரும்பப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். டேவ் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே நாலாவது தரம் போய்ப் பார்ப்பேன்.

2

போன சித்திரையில் கோவிந்தன் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். மாமா என் அக்கா ராஜேஸ்வரியின் புருஷன். அரூர்ப் பக்கம் வீடு. அறுபது மேச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறார். அறுவடை முடிந்த காட்டுக்காரர்கள், அதாவது நிலத்துக்காரர்கள், அவரைக் கூப்பிடுவார்கள். மாமா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அந்தக் காட்டில் பட்டி போடுவார். ஓரிடத்தில் இரண்டு நாள், பிறகு தள்ளி அடுத்த இடம். ஆட்டுப் புழுக்கையில் காடு முழுக்க உரமேறிவிடும். எங்கள் பக்கத்தில் பாதிக் காடுகள் யூரியாவோடு இதையும் நம்பித்தான் இருக்கின்றன.

பட்டிக்கு மூங்கில் படல் வேண்டும். ஒரு படலைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு முதுகு. அதிலும் ஏதோ ஒரு எலும்பு இடம் மாறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் எல்லோரும் திருப்பூர் பஸ்ஸில் இருக்கிறார்கள். படலை விட்டுவிட்டு மீன்வலை மாதிரி ஒரு நைலான் வலையைக் கட்டினார். தெருநாய்கள் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் ஏழு ஆடுகளைக் குதறிப் போட்டுவிட்டன. ஏழும் சினை.

“மாப்ள, அங்க மாட்டுக்கு நூலு மாதிரி ஒரு கம்பி கட்டுவியாமே. தெனம் சுருட்டி ஒத்தக் கையில எடுத்துகிட்டுப் போயிருவன்னு உங்கக்கா சொல்லுது. அதுல எது நல்லதுன்னு சொல்லு.”

பன்னிரண்டு வருஷத்தில் ஊரிலிருந்து யாரும் என்னிடம் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. வெளிநாட்டில் இருக்கிறேன் என்பதையே அவர்கள் தொழிலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது நிமிஷத்துக்குப் பதில் பேசி அனுப்பினேன். மாமா அதை மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது போட்டுக் கேட்டதாகவும், மாடு முழுவதையும் கேட்டதாகவும் அக்கா பிறகு சொன்னாள்.

சுருக்கம் இது. கம்பியில் மூன்று வகை. பிளாஸ்டிக் நூலோடு முடி போன்ற எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கியது பாலிவயர். இழை குறைவாக இருந்தால் விலை மலிவு, ஆனால் தூரம் போகப் போக அடியின் வேகம் செத்துவிடும். ஆறோ ஒன்பதோ இழை, அதில் கொஞ்சம் செம்பும் இருந்தால் காடு முழுக்கச் சுற்றினாலும் கடைசிவரை உறைக்கும். அடுத்தது நாடா. அகலமாக, நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காற்றடித்தால் படபடவென்று ஆடிக் குச்சியைச் சாய்த்துவிடும், ஆடியில் நம் பக்கம் அதை நிறுத்த முடியாது. மூன்றாவது சாதாரண ஜி.ஐ. கம்பி. கரண்டை நன்றாகக் கடத்தும். ஆனால் தினம் சுருட்டிப் பிரித்தால் மடிந்து முறுக்கிக்கொண்டு சண்டைபோட்ட வீடு மாதிரி ஆகிவிடும். தினம் நகரும் பட்டிக்குச் செம்பு கலந்த ஆறிழைப் பாலிவயர்தான் சரி. மேச்சேரிக்கு உடம்பில் கம்பளி இல்லை, முடிதான், அதனால் சுரணை இருக்கும். கணுக்கால் உயரத்தில் ஒன்று, மூக்கு உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. பெட்டி பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

சேலத்தில் ஒரு கடையில் எல்லாம் கிடைத்தது. மாமா கம்பிச் சுருளைப் படமெடுத்து அனுப்பினார். இழைகளை எண்ணிப் பார்த்தேன். ஆறு. சரியாக வாங்கியிருக்கிறார் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கலா, என் மனைவி, கழுத்தில் சுளுக்கா என்று கேட்டாள்.

3

பெட்டி வந்து சேர்ந்த வாரத்தில்தான் அப்பாவின் தெவசம் வந்தது. நாலாவது வருஷம்.

அப்பா பெயர் முனுசாமி. இந்த நாட்டில் என் பெயரும் அதுதான். முதன்முதலில் விண்ணப்பம் போட்டபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, ஆட்களுக்குத்தான் உண்டு என்று எழுத அதில் இடம் இல்லை. பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை மிஸ்டர் முனுசாமி என்கிறார்கள். பண்ணையில் இன்னும் சுருக்கி முனு. முனு, கேட்டைச் சாத்தினாயா? முனு, வேலியை அணைத்தாயா? எங்கள் ஊரில் அப்பாவை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட வயதில் பெரியவர்கள் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். இங்கே இருபது வயதுப் பையன்கள் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் போனபோது என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது, பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. நான் பொறுமையாக இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊர் இண்டூரிலிருந்து யாரோ போனைப் பிடித்துக் காட்டினார்கள். நான் பால் கறக்கும் கொட்டகையில் ரப்பர் பூட்ஸோடு நின்று பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அடுத்த வரிசை மாடுகள் வந்துவிட்டன. கறந்தேன்.

இந்த வருஷமும் போனில்தான். அப்பா போனபிறகு அம்மா அக்காவோடு இருப்பதால் அரூரிலேயே இலை போட்டார்கள். அக்கா போனைச் சொம்பில் சாய்த்து வைத்தாள். அம்மா தலை மட்டும் பாதி தெரிந்தது. என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து, அப்பாவின் படத்தைப் பார்த்து “ஹாய் தாத்தா” என்று கையாட்டினாள். மரியாதையாகத்தான் ஆட்டினாள். இங்கே செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் கையாட்டுவதில் வித்தியாசம் இல்லை. அவளைத் திட்ட வாயெடுத்தேன். அதற்கு எனக்குத் தகுதி போதாது என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே மாமா கம்பியைக் கட்டிப் பார்க்கப் போனார்.

4

மறுநாள் எங்களுக்கு மதியம் மூன்றரை மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது. மாமா கூப்பிட்டார். மாமாவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. எப்போதும் ஸ்பீக்கர்தான்.

“மாப்ள, உங்க ஊரு கம்பிக்கு எங்க ஊரு ஆடு சலாம் வெக்கல.”

மாமா தொட்டுப் பார்த்தாராம். ஒன்றுமில்லை. அக்கா தொட்டுப் பார்த்தாளாம். ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாம். கிடா ஒன்று கம்பியில் முதுகைச் சாய்த்துச் சொறிந்துகொண்டதாம். காலையில் பார்த்தால் ஒரு நாய் கம்பியை ஒட்டியே படுத்திருந்ததாம், வேலைக்குச் சேர்ந்ததுபோல. நல்லவேளையாக மாமா பட்டியிலேயே படுத்திருந்ததால் ஆடு எதுவும் போகவில்லை.

பெட்டி பழுதா என்று கேட்டேன். பெட்டியில் விளக்கு டிக் டிக்கென்று எரிகிறதாம். எர்த் குச்சியை ஆழமாக அடித்தீர்களா என்றேன். அடித்தாராம். அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

“ஆட்டுக்கே தண்ணி ட்ராக்டருல வருது. குச்சிக்கு ஊத்தச் சொல்றியா?” என்றார் மாமா. பிறகு சாதாரணமாக, தக்காளி விலை சொல்வதுபோல, இதைச் சொன்னார். “நீ சங்கடப்படாத மாப்ள. பக்கத்துலயே மோட்டார் கொட்டாய் இருக்குது. ஸ்டார்ட்டருலருந்து ஒரு லைன் இழுத்து, வலைக்கு வெளிய ரெண்டடி தள்ளி ஒரு சுத்து சுத்திட்டா தீந்துது. ஜி.ஐ. கம்பி வாங்கிட்டு வந்துட்டேன்.”

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டார் லைனில் நேராகக் கொக்கி போட்ட கம்பி சுண்டிவிடாது. பிடித்தால் விடாது. பன்றிக்கென்று கட்டிவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் அங்கே என்ன கிடக்கும் என்பது கட்டியவன் கையில் இல்லை. மலையடிவாரத்தில் யானை கிடந்திருக்கிறது. கட்டியவனே கிடந்திருக்கிறான். இங்கே அந்தப் பட்டிக்குத் தினம் விடியும்போது தூக்குப்போசியில் டீயோடு போகிறவள் என் அக்கா. வரப்பில் கீழே பார்க்காமல் நடப்பவள். ஐம்பத்தைந்து வயதில் கண்ணாடி போடச் சொன்னதற்கு, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டவள்.

எனக்குப் பயம் வந்தால் அது நேராக வாய்க்குப் போய்விடும். மூச்சு விடாமல் பேசினேன். அது குற்றம் மாமா, போலீஸ் வரும் மாமா, நான் இங்கே கம்பி நீட்டுகிறேன், நீங்கள் அங்கே கம்பி எண்ணுவீர்கள் மாமா என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் அக்காவும் சிரிப்பது கேட்டது. அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, போலீஸ்நாயைக் கூப்பிடலாம் என்று சொன்னவன் நான். முப்பது வருஷமாக அந்த வீட்டில் எனக்குக் கோமாளி வேஷம். கோமாளி தீப்பிடித்தது என்று கத்தினால் ஜனங்கள் கைதட்டுவார்கள்.

“நீ போயி மாட்டப் பாரு” என்று மாமா வைத்துவிட்டார்.

நான் மாட்டைப் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து நின்றபடி ஒன்பது பிஸ்கட் தின்றேன். பிறகு அணைத்திருந்த பெட்டியை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

5

வீட்டுக்கு வந்து சமையலறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கலா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். யாழினி மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் தமிழில் புலம்பினேன். அவள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படி இரண்டு தண்டவாளத்தில்தான் ஓடும். எந்தப் பெட்டி, எந்தக் கம்பெனி என்று கேட்டவள், போனில் அதன் கையேட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷம் வேலி போட்டவனுக்குக் கையேடா என்று நான் ஏளனமாக ஏதோ சொன்னேன்.

“அப்பா, உங்க ஊர்ல மண் டிரையா?” என்றாள்.

நான் நடப்பதை நிறுத்தினேன்.

கம்பியில் வரும் அடி, தொட்ட ஆட்டின் உடம்பு வழியாகக் காலுக்கு இறங்கி, மண்ணுக்குள் போய், எர்த் குச்சி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் உறைக்கும். இங்கே மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். பூட்ஸைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதனால் மண்ணை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. சித்திரை மாதம் நம் செம்மண் காடு ஓடு மாதிரி காய்ந்து கிடக்கும், அதில் கரண்ட் திரும்பி வராது. மாமாவும் அக்காவும் ரப்பர் செருப்போடு வேறு தொட்டிருக்கிறார்கள். பத்தொன்பது நிமிஷம் இழையையும் செம்பையும் பேசியவன், இந்த ஒன்றைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் அந்த மண்ணில் பித்தவெடிப்போடு நடந்தவன். இங்கே வந்தபிறகு யாழினி ஊருக்கு இரண்டே தரம்தான் போயிருக்கிறாள். அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

வழி கையேட்டிலேயே இருந்தது. மூன்று கம்பியில் நடுக்கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, எர்த் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தலையை நுழைக்கிற எதுவும் இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொடும். மண்ணை நம்ப வேண்டியதில்லை. புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம்.

கூப்பிட்டுச் சொன்னேன். அங்கே காலை பதினொரு மணி இருக்கும். மாமா பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒரு தரம் ஏமாந்த கம்பியை அவர் மறுபடி நம்பத் தயாராக இல்லை.

“நீ சொல்றத நாளைக்கு நெதானமாச் செய்யலாம் மாப்ள. நாயி வாசம் புடிச்சி வெச்சிருக்குது. இன்னைக்கு ஒரு நாளு லைன் போட்டுக்கறேன். நான் என்ன பச்சப்புள்ளயா? விடிஞ்சதும், உங்கக்கா வர்றதுக்கு முன்னாடி நானே போயி பீஸ் கட்டையப் புடுங்கிருவேன்.”

அவர் சொன்ன வாக்கியத்தில் கடைசிப் பாதி எனக்கு அப்படியே தெரியும். நான் சொன்னதுதான்.

எனக்கு அப்போது வாய் ஓடவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அந்தக் குரலில்தான் பேசினேன்.

“மாமா, நம்ம செவலக் காளை பாம்பு கடிச்சிச் சாகல.”

மாமா எந்தக் காளை என்று கேட்கவில்லை. அது அவர்களுக்கெல்லாம் தெரிந்த காளை. எனக்கு இருபத்தைந்து வயதில், இண்டூரில் எங்கள் கடலைக் காட்டுக்குப் பன்றி வந்தது. மோட்டார் கொட்டாயிலிருந்து கம்பி இழுத்தோம். யோசனை என்னுடையது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. விடிந்ததும் நீங்கள் காட்டுக்கு வருவதற்கு முன்னால் நானே பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். பதினொரு நாள் பிடுங்கினேன். பன்னிரண்டாவது நாள் கொட்டாயில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். தூங்கவில்லை மாமா, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அப்பா அன்றைக்குச் சீக்கிரம் வந்தார். காளை முன்னால் போக, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். காளையின் முன்னங்கால் கம்பியில் பட்டது. நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அது விழுந்து முடிந்திருந்தது. காய்ந்த நூல்கயிறு. அதனால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மாடு நீளம் இருந்தது. அவர் கத்தவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தாண்டிக் கொட்டாய்க்குள் போய், தானே பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து காளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, கடப்பாரை எடுத்து வா என்றார். ஊருக்குப் பாம்பு என்று சொன்னார். பஞ்சாயத்தில் எல்லோரும் பாம்பு தேடினார்கள். நானும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய்த் தேடினேன்.

ஒரே மாதத்தில் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்து ஏஜென்ட், அங்கிருந்து இங்கே.

இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். சொல்லும்போது ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. யாழினி பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

மறுமுனையில் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு மாமா, “நடுக் கம்பியவா?” என்றார்.

“நடுக் கம்பிங்க மாமா.”

“எந்த மொனையில மாட்டணும்? செவப்பா, பச்சையா?”

“பச்சைங்க.”

6

மறுநாள் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். காலில் செருப்பில்லாமல், மேல் கம்பியிலும் நடுக்கம்பியிலும் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வைக்கிறார். அப்படி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வீடியோவில் அடுத்து வானம் தெரிகிறது. பிறகு கொஞ்சம் செம்மண். பிறகு மாமா கம்பெனிக்காரனின் பரம்பரையைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. எடுத்தவர் பக்கத்துக் காட்டுக்காரராக இருக்க வேண்டும், போன் அவ்வளவு ஆடுகிறது. பத்து தரம் போட்டுப் பார்த்தேன். வேலி பிரமாதமாக வேலை செய்கிறது. டேவிடமும் காட்டினேன். நல்ல இழுவிசையில் கட்டியிருக்கிறார் என்று பாராட்டினார்.

ஜி.ஐ. கம்பிச் சுருளை மாமா வாசலில் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டார். கேட்காமலே சொன்னார்.

அக்காதான் பேசவில்லை. ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் மறுநாள், நான் புது வேலிக்குக் குச்சி குத்திக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“பீஸ் கட்டையப் புடுங்க மறந்துட்டேன்னு அப்பாவே சொன்னாருடா. ஊருக்குத்தான் பாம்பு. வூட்டுல அப்படித்தான் சொன்னாரு.”

“தெரியும்க்கா.”

“அவரு சாவற வரைக்கும் அம்மா அவர விடல. ஒரு சாமான வெச்ச எடம் மறந்தாலும், மாட்டக் கொன்ன மறதிதானன்னு சொல்லும். நானும் ஒரு தரம் சொல்லியிருக்கறேன். ஆஸ்பத்திரியில மாத்திரை போட்டுக்க மறந்துட்டாருன்னு.”

மாடுகள் நேற்றைய கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று, எப்போது திறப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

“ஓசூருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஒரு மாசம் நீ வூட்டுலதான இருந்த?”

“இருந்தேன்.”

“அம்மா அவரத் திட்டும்போது?”

“பக்கத்துலதான்க்கா. சாப்ட்டுட்டு இருப்பேன்.”

“அவரு உன்னப் பாப்பாரா?”

“இல்ல. கொழம்பு ஊத்தச் சொல்லுவாரு. எனக்கு.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, அங்கே தூசியா என்று தெரியவில்லை. எனக்கு வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஒரு நக்கல் தயாராக இருக்கும். தேடிப் பார்த்தேன். இல்லை.

“மூணு நாளு முன்னாடிதான் இலை போட்டோம்” என்றாள். “அதுக்கு முந்தின நாளு சொல்லியிருந்தீன்னா, அவரு இலை முன்னாடி நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். இனி ஒரு வருசம் ஆவும்.”

“செரிக்கா.”

“என்ன செரி? நான் அம்மாகிட்ட சொல்லல. உங்க மாமா சொல்லச் சொன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. அம்மா வெளிய ஆட்டுக்குத் தழை போட்டுட்டு இருக்குது. இரு, குடுக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே நடக்கும் சத்தம் முழுவதும் கேட்டது. கதவு. வாசல் கொடியில் அக்கா தலை இடித்துக்கொண்டது. ஆடுகள். பிறகு, காது சரியாகக் கேட்காத அம்மாவின் உரத்த குரல், “யாரு?”

“உம் மவன்தான். உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்.”

போன் கை மாறியது. அம்மா அதைத் தலைகீழாகத்தான் பிடித்திருப்பாள், மூச்சு தூரத்தில் கேட்டது. நான் கையிலிருந்த குச்சியை மண்ணில் குத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சொல்லு சாமி” என்றாள்.